இரண்டு பெயருள்ள பிள்ளைகளுக்கு ஒரு கதை



பேராசிரியர் ராஜ் கௌதமன் 2024 நவம்பர் 13 அன்று நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் அவர் தலித் பார்வையில் படித்த விதத்தைப் பற்றிப் பேசலாம். அதற்குத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பதின்ம வயதுக் கிறித்தவப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் கதைகள், அதாவது விசுவாசம், மனமாற்றம், வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றைச் சொல்லும் கதைகள் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தலித் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் மாலை வகுப்புகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் பிள்ளைகளோடு இருப்பவர்கள் நாங்கள். எங்களிடம் வரும் சேரிப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் கிறித்தவ வீட்டுப் பிள்ளைகள். பாடப்புத்தகம் தவிர அவர்கள் கையில் முதலில் கிடைத்த கதைப் புத்தகம் பெரும்பாலும் சபையில் கிடைத்ததுதான். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசாக வந்தது, கோடை விடுமுறையில் வி.பி.எஸ். முடிவில் தந்தது, இல்லையென்றால் கன்வென்ஷன் பந்தலின் புத்தகக் கடையில் வாங்கியது. நீ யார், உன் வாழ்க்கை எப்படி மாற வேண்டும் என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் புத்தகம் அது. அதைப் படிக்காமல் இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. ராஜ் கௌதமன் 2002இல் வெளியிட்ட ‘சிலுவைராஜ் சரித்திரம்’ ஒரு தலித் கிறித்தவப் பையன் வளர்ந்து ஆளாகும் கதை. ஆகவே இந்தப் பொருள் அவருக்கு அந்நியமானதல்ல.

கதைப் புத்தகத்தில் வரும் மாற்றம்

இந்த வகைக் கதைகள் உலகம் முழுக்க அதிகம் அச்சாவது அமெரிக்காவில். ராபின் ஜோன்ஸ் கன் எழுதிய ‘கிறிஸ்டி மில்லர்’ வரிசை 1988இல் தொடங்கியது. விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பெண் கிறிஸ்டிக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறைக்குக் கலிபோர்னியக் கடற்கரையில் வசதியாக வாழும் அத்தை மாமா வீட்டுக்குப் போகிறாள். புதிய நண்பர்கள், உடை, உடம்பைப் பற்றிய கூச்சம், ஒரு பையன் மேல் ஈர்ப்பு எல்லாம் வருகின்றன. கோடை முடியும்போது அவள் தன் வாழ்க்கையை இயேசுவிடம் ஒப்புக்கொடுக்கிறாள். அதன் பிறகு வரும் புத்தகங்களில் பள்ளி, நட்பு, காதல் என்று ஒவ்வொன்றிலும் அந்த முடிவு சோதிக்கப்படுகிறது.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் சின்னக் கவலைகளும் கடவுள் காதில் விழும் என்று சொல்லும் கதைக்கு ஒரு மதிப்பு உண்டு. ‘உன் பேச்சை யார் கேட்டார்கள்’ என்று வீட்டிலும் பள்ளியிலும் அடக்கப்படும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். நம் சேரிப் பெண் பிள்ளைகள் ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்பாவின் குடி நிற்க வேண்டும், கணக்கில் தேற வேண்டும், தோழி மறுபடி பேச வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அவ்வளவையும் சொல்ல அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

தமிழில் வரும் சிறு புத்தகங்களும் பத்திரிகைக் கதைகளும் இதே தடத்தில்தான் போகின்றன. ஒரு பையன் கெட்ட சகவாசத்தில் விழுகிறான். ஒரு பெண் பெற்றோர் பேச்சை மீறுகிறாள். விபத்தோ, நோயோ, தேர்வில் தோல்வியோ வருகிறது. வாலிபர் முகாமின் கடைசி இரவில் கண்ணீரோடு முழங்கால் போடுகிறார்கள். மறுநாள் காலை எல்லாம் புதிதாகிவிடுகிறது.

இந்தக் கதைகளில் மாற்றம் ஒரு தனி ஆளின் நெஞ்சுக்குள் ஒரே இரவில் நடந்து முடிகிறது. அவனுக்கு ஊர் இருக்காது, தெரு இருக்காது, சாதி இருக்காது. அவன் தாத்தா எந்த நிலத்தில் வேலை செய்தார் என்று கதை கேட்காது. பாவம் என்றால் சினிமா, சிகரெட், கைபேசி, காதல். அவன் வீட்டுக்குத் தண்ணீர் வராதது யாருடைய பாவம் என்று கதை சொல்லாது. அதைப் படிக்கும் தலித் பிள்ளை தன் வீட்டு வறுமைக்கும் அவமானத்துக்கும் தன் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று எண்ணிக்கொள்கிறது. நாங்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

இந்த வடிவம் இங்கே வந்த வழி

இந்த வடிவத்துக்குத் தமிழில் நீண்ட வரலாறு இருக்கிறது. பனியன் எழுதிய ஆங்கில நூல் தமிழில் ‘மோட்சப் பிரயாண’மாகப் பரவியது. அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். அது நூலாக வந்தது 1894இல். ஒருவன் தன் ஊரையும் உறவையும் விட்டுவிட்டு முதுகுச் சுமையோடு தனியே நடக்கிறான் என்பதுதான் அதன் அடிப்படைப் படிமம். தமிழின் முதல் சிறுவர் இதழ் என்று சொல்லப்படும் ‘பாலதீபிகை’ 1840இல் நாகர்கோவிலில் மிஷன் முயற்சியாக வந்தது. கிறித்தவ இலக்கியச் சங்கத்தின் மூல அமைப்பு 1858இல் தொடங்கியது. எழுத்து மறுக்கப்பட்ட நம் மக்களில் பலர் முதன்முதலாக அச்செழுத்தைத் தொட்டது இந்த நிறுவனங்கள் வழியாகத்தான். அதை நாம் நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த எழுத்தின் நாயகன் யார்? கிருஷ்ணபிள்ளை வைணவ வேளாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். அவருக்கு முந்திய தலைமுறையில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கலாம் என்று வாதாடி 1820களிலேயே எழுதியவர். மதம் மாறிய கதையை எழுதும் வாய்ப்பு முதலில் கிடைத்தது மேல்சாதியிலிருந்து மாறியவர்களுக்குத்தான்.

இதற்கு எங்கள் தாம்பரத்தோடு ஒட்டிய ஓர் உதாரணம் உண்டு. கிருபாபாய் சத்தியநாதன் 1862இல் அகமத்நகரில், பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவரான பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்க 1878இல் சென்னைக்கு வந்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பைத் தொடர முடியவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ 1887-88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வந்தது. 1894இல் 32 வயதில் அவர் இறந்தார். அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937இல். ஒரு கிறித்தவப் பெண் பிள்ளை தன் வளர்ச்சியையும் நம்பிக்கையையும் கதையாக எழுதிய முதல் இந்திய நாவல்களில் ஒன்று ‘சகுணா’. அந்த வகையில் நாம் பேசும் இலக்கிய வகையின் தாய் நூல் அது என்று சொன்னால் தப்பில்லை.

‘சகுணா’ நேர்மையான நூல். படிக்க ஆசைப்படும் பெண்ணின் ஏக்கம் அதில் இருக்கிறது. இந்தியப் பெண்களை வெள்ளைக்கார மிஷனரிப் பெண்கள் தாழ்வாக நடத்தியதையும் கிருபாபாய் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே மதமாற்றம் என்பது கையில் இருந்ததை இழக்கும் கதை. தந்தை தன் சாதியையும் சொந்தத்தையும் மரியாதையையும் விட்டுவிட்டு வருகிறார். நம் பாட்டன் பாட்டிக்கு விட்டுவர என்ன இருந்தது? அவர்கள் மாறியது எதையாவது பெறுவதற்காக. அந்த வேறுபாட்டைச் சொல்லும் கதை அந்தக் காலத்தில் எழுதப்படவில்லை.

செங்கல்பட்டுச் சேரிகளில் நடந்தது

தாம்பரம் அன்றைக்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை, தலைமுறை தலைமுறையாகத் தீராத கடன், பண்ணையை விட்டுப் போக முடியாத கட்டு என எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து பிறந்தது.

அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு பாதிரியார் செங்கல்பட்டில் வேலை செய்தார். தரிசு நிலத்துக்கு அரசிடம் விண்ணப்பம் போட்டு வாங்கி, தலித் கிறித்தவர்களைக் குடியமர்த்திய ஊர்களில் ஒன்று சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம். திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் கௌடி பாதிரியார் நிலப் பிரச்சினையை எழுதினார். நம் மக்கள் அங்கே ஞானஸ்நானம் கேட்டபோது தனித்தனியாகக் கேட்கவில்லை. சேரி கூடிப் பேசி, குடும்பம் குடும்பமாக முடிவெடுத்தார்கள். மனுப் போட்டால் பதில் வரும், மிராசுதார் அடித்தால் கேட்க ஓர் ஆள் உண்டு, பிள்ளை பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காரலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. இதைச் சோற்றுக்காக மாறினார்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சோறும் நிலமும் மரியாதையும் வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது விசுவாசம் இல்லையென்றால் வேறு எது விசுவாசம்? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் கேட்டதும் விடுதலையையும் நிலத்தையும்தானே?

இதே தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். மற்ற மதங்களோடு கிறித்தவத்துக்கு என்ன உறவு என்பதே அங்கே பெரிய வாதம். ஹெண்ட்ரிக் கிரேமர் அதற்கென்றே எழுதிய நூலை இறையியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த மாநாட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1935 அக்டோபர் 13 அன்று, யேவலாவில் பாபாசாகேப் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். மதம் மாறிய தீண்டப்படாதவர்களுக்குக் கிறித்தவம் என்ன செய்தது என்று பிறகு அவர் கடுமையாகவே எழுதினார். படித்த கிறித்தவர்கள் ஏழைக் கிறித்தவர்களுக்காகக் குரல் கொடுப்பதில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் அந்தக் கல்லூரி மதிலை ஒட்டிய சாலையில் தினமும் போய் வருகிறார்கள். அந்த மதிலுக்குள் நடந்ததும் தெரியாது, மெல்ரோசாபுரம் எப்படி வந்தது என்பதும் தெரியாது. பரங்கிமலையில் 1883இல் பிறந்து, மிஷன் பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, மதம் மாறாமலேயே நம் மக்களின் தலைவராக வளர்ந்த எம்.சி. ராஜா ஆசிரியராக இருந்தவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர் என்பதும் தெரியாது. இவை எதுவும் எந்தக் கதைப் புத்தகத்திலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிலத்தின் கதை அத்தோடு முடியவும் இல்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது, செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். அந்த இரண்டு பெயர்களையும் நம் மக்கள் எப்போதும் சேர்த்தே சொல்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் இரத்தசாட்சிகளின் கதை சொல்லும்போது அந்த இருவரின் கதையையும் ஏன் சொல்லக் கூடாது?

சான்றிதழில் எழுதும் மதம்

இப்போது பதினைந்து பதினாறு வயதுக்கு வருவோம். அமெரிக்கக் கதையில் அந்த வயதில் வரும் பெரிய கேள்வி, யாரோடு நடனத்துக்குப் போவது என்பது. தாம்பரத்துத் தலித் கிறித்தவப் பிள்ளைக்கு வரும் பெரிய கேள்வி, சாதிச் சான்றிதழில் என்ன எழுதுவது என்பது.

மாணவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். அந்த மத வரம்பை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். வேலைக்கும் மேற்படிப்புக்கும் அவர்கள் போட்டி போட வேண்டியது, தங்கள் பாட்டன் கூலி வாங்கிய களத்துக்குச் சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகளோடு. ஆனால் இதே மாநில அரசின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்று ஓர் இனம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. மதம் மாறியும் சாதிக் கொடுமை மாறவில்லை என்று உதவித்தொகைப் படிவம் ஒப்புக்கொள்கிறது. இடஒதுக்கீட்டுப் பட்டியல் ஒப்புக்கொள்ளவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியலோடு கட்டப்பட்டதுதான்.

அதனால்தான் நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் எஸ்தர், பள்ளிப் பதிவேட்டில் செல்வி. வீட்டில் சாமுவேல், சான்றிதழில் சரவணன். சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றால் சுவரில் இருக்கும் வசன அட்டையைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்த வீடுகள் உண்டு. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், வேலைக்காக மட்டும் தம்மை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி, பேதுரு சேவல் கூவுவதற்கு முன் மூன்று முறை மறுதலித்ததைப் படித்த அன்று கேட்டாள்: “அண்ணா, தாசில்தார் ஆபீசுல நான் இந்துன்னு சொன்னா அதுவும் மறுதலிப்புதானா?”

இந்தக் கேள்விக்கு அவளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? சபையில் கேட்டால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். ஊரில் கேட்டால், மதம் மாறினவர்களுக்குச் சலுகை எதற்கு என்பார்கள். நம் தோழர்களில் சிலர், சாமியை விட்டுவிடு, பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். அவள் பொய் பேசும் பிள்ளை இல்லை. கடவுளையும் கல்லூரி இடத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவளைக் கேட்பது 1950இல் எழுதிய ஒரு பத்தி. அந்தப் பத்தி இருக்கும் வரை இந்தக் குற்ற உணர்வு பிள்ளைகள் தலையில்தான் விழும். இதுதான் நம் பிள்ளைகளின் விசுவாசப் போராட்டம். இதைத் தொடாத கதை, எத்தனை வசனம் சொன்னாலும், அவர்களைப் பற்றிய கதை ஆகாது.

நம் நாவல்கள் சொன்னவை

ராஜ் கௌதமனிடம் வருவோம். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. சிலுவை சேரியில் வளர்கிறான், கோயிலுக்குப் போகிறான், சாமியார்கள் நடத்தும் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பசி, பாலுணர்வு, பயம், படிப்பு, பாவசங்கீர்த்தனம் எல்லாம் அவனுக்கு ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. படித்து முடித்த பின் வேலை கிடைக்கவில்லை. கிறித்தவன் என்பதால் பட்டியலில் இடமில்லை. வேலைக்காக இந்துவாக மாறும் வரை அந்தக் கதை போகிறது. மதமாற்றக் கதை என்ற வடிவத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டார். அந்த நாவலில் முழங்கால் போட்டு அழும் கடைசி இரவு இல்லை. ஒரு சான்றிதழும் அதைப் பற்றிய ஒரு சிரிப்பும்தான் இருக்கின்றன. தன்னைத் தானே எள்ளிக்கொள்ளும் அந்தச் சிரிப்பு, குற்ற உணர்விலிருந்து வாசகனை விடுவிக்கிறது.

அவருடைய தங்கை பாமா ‘கருக்கு’ எழுதியது 1992இல். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைச் சரடைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். பொட்டலத்தைத் தொட்டால் தீட்டாகிவிடும் என்பதால்தான் அவர் அப்படிப் பிடித்தார் என்று அண்ணன் விளக்குகிறார். படி, நன்றாகப் படி என்று சொல்லும் அந்த அண்ணன், நாம் இன்று நினைவுகூரும் மனிதர்தான். பின்னால் அந்தப் பெண், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்கிறாள். மடமோ பணக்காரப் பிள்ளைகளுக்காக இயங்குகிறது. அவள் வெளியே வருகிறாள். வெளியே வந்தபோது அவள் கடவுளை மடத்திடம் விட்டுவிட்டு வரவில்லை. இருபுறமும் அறுக்கும் பனங்கருக்கையும் விவிலியம் சொல்லும் இருபுறக் கூர்வாளையும் பாமா தம் முன்னுரையில் சேர்த்தே நினைக்கிறார்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. அதில் வரும் ஆரோக்கியம், கிறித்தவரான புதிரை வண்ணார் பெண். தலித்துகளுக்குள்ளேயே கடைசியில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு மதம் மாறியதால் எது மாறியது, எது மாறவில்லை என்பதை அந்த நாவலிலிருந்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள முடியும். இவற்றோடு பறட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவுவையும் சேர்க்க வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை இறையியலாகப் பேசினார். 2005இல் மறைந்தார்.

தமிழில் விசுவாசத்தையும் வாழ்க்கை மாற்றத்தையும் பேசும் வளரிளம் பருவத்துக் கிறித்தவ எழுத்து என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். இவை இன்று முதுகலைப் பாடத்திட்டத்திலும் ஆய்வேட்டிலும் இருக்கின்றன. ஞாயிறு பள்ளி அலமாரியில் இல்லை. இருபத்திரண்டு வயதில் மதிப்பெண்ணுக்காகக் ‘கருக்கு’ படிக்கும் தலித் கிறித்தவ மாணவிக்கு அது பதினான்கு வயதில் கிடைத்திருக்க வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துச் சுவர் வைத்ததை ஊரே அறியும். செத்த பிறகும் பிரித்து வைக்கும் சபை, உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இந்த நூல்களைத் தானாகக் கொடுக்காது. நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பெரும்பாக்கத்துப் பிள்ளைகள்

இந்த நூல்களிலும் இன்னும் வராத ஒரு வாழ்க்கை இருக்கிறது. பாமாவும் ராஜ் கௌதமனும் எழுதியது கிராமத்துப் பழைய கத்தோலிக்கச் சேரியை. எங்கள் பகுதியில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களை அள்ளிக்கொண்டு வந்து பெரும்பாக்கத்தில் விட்டார்கள். படிப்பு ஆண்டின் நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகள், பள்ளியையே விட்ட பிள்ளைகள் அங்கே உண்டு. அம்மாவுக்கு வீட்டு வேலை பழைய இடத்தில், குடியிருப்பு இங்கே. வாழ்க்கை மாற்றம் என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது லாரியில்.

அந்தக் குடியிருப்புகளில் ஒரு அறையில், ஒரு ஒலிபெருக்கியோடு, சிறு ஜெபக் கூடங்கள் நடக்கின்றன. அங்கே நம் பெண்கள் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள். பதினாறு வயதுப் பையன் கீபோர்டு வாசிக்கிறான். பெரும்பாக்கம் என்ற முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கும் நகரத்தில், அவனைத் தம்பி என்று கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுக்கும் இடம் அது. மாலையில் அவன் எங்கே போகிறான் என்ற அம்மாவின் பயத்துக்கும் அது ஒரு பதில். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளும் தோழர்களிடம் நாங்கள் உரிமையோடு சொல்கிறோம்: அந்தப் பிள்ளைக்கு அதே அளவு மரியாதை கொடுக்கும் இன்னொரு இடத்தை உருவாக்கிவிட்டுப் பேசுங்கள். அதே நேரம், வீடு பறிபோனதைக் கர்த்தரின் திட்டம் என்று விளக்கி அவன் கோபத்தை அடக்கும் போதகத்தையும் நாம் விட்டுவிட முடியாது. அவனுடைய பாட்டையும் கோபத்தையும் சேர்த்து எழுதும் கதை வேண்டும்.

இனி

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறோம்.

முதலாவது, கேட்டுப் பதிவு செய்வது. உங்கள் வீட்டில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் யார், எந்த ஊர்ச் சேரி, என்ன காரணம், மாறிய பிறகு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பாட்டியிடம் கேளுங்கள். சபைப் பதிவேடுகள் இருக்கின்றன, பழைய கல்லறைக் கற்கள் இருக்கின்றன. சமூகவியல் மாணவர்கள் இதை ஆய்வாகச் செய்யலாம். மற்றவர்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். கேட்க வேண்டியவர்கள் வயதானவர்கள். தள்ளிப்போட நேரமில்லை.

இரண்டாவது, எழுதுவது. பன்னிரண்டு வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளை படிக்கும் அளவில், அவள் பேசும் மொழியில் எழுதுங்கள். எஸ்தர் என்றும் செல்வி என்றும் இரண்டு பெயருள்ள பெண் பிள்ளையைக் கதாநாயகி ஆக்குங்கள். அவள் ஜெபம் பண்ணட்டும், சந்தேகப்படட்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கட்டும். கதை முடியும்போது அவள் விசுவாசியாக இருப்பதோ, பௌத்தத்துக்குப் போவதோ, எதுவும் வேண்டாம் என்பதோ அவள் விருப்பம். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் செய்தது, தன் மதத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை நமக்குக் காட்டியதுதான். அந்த உரிமை பதினாறு வயதுப் பிள்ளைக்கும் உண்டு. எழுதுகிற நாம் அவளுக்காக முடிவெடுத்து நீதி சொல்ல வேண்டாம்.

மூன்றாவது, கொண்டு சேர்ப்பது. ‘கருக்கு’ நூலில் ஒரு பிரதியை உங்கள் சபை நூலகத்துக்குக் கொடுங்கள். வாங்க மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு வேலை. வி.பி.எஸ். நடத்தும் வாலிபர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாத்திராகமக் கதை சொல்லும் நாளில் பஞ்சமி நிலத்தையும் சொல்ல அவர்களால் முடியும். மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லும் இயக்கத்தில் பெரியவர்கள் பேசுகிறார்கள். சான்றிதழுக்காக அலையும் பிள்ளைகளின் குரலையும் அங்கே கேட்க வையுங்கள்.

மறுதலிப்புதானா என்று கேட்ட பெண்ணுக்கு நாங்கள் அன்று ஒரு பதில் சொன்னோம். பேதுருவை மிரட்டிக் கேட்டவர்கள் யார், அவர்களுக்குப் பின்னால் இருந்த அதிகாரம் எது என்று முதலில் பார்க்கச் சொன்னோம். அவள் அதை யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவளோடு சேர்ந்து யோசிக்க ஒரு கதைப் புத்தகம் வேண்டும். அது தாம்பரத்திலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வர வேண்டும். எழுதப்போகிறவர்கள் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பேராசிரியர் ராஜ் கௌதமனுக்கு நம் வணக்கம். ஜெய்பீம்.